டிரைஜெமினல் நியூரால்ஜியா: முக்கிளை நரம்பு வலி

பல் துலக்கும்போதோ, சவரம் செய்யும்போதோ, வெறும் காற்று பட்டாலோகூடக் கன்னத்திலும் தாடையிலும் ஷாக் அடித்தது மாதிரி சுளீரென்று இழுக்கும் வலி இது. சில நொடிகளில், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அப்புறம் மறுபடி வரும்.

'டிரைஜெமினஸ்' லத்தீன் சொல். ஒரே பிரசவத்தில் பிறந்த மூவர் என்று பொருள். மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளில் ஐந்தாவதுக்குத்தான் இந்தப் பெயர். கண்ணும் நெற்றியும், மேல்தாடை, கீழ்த்தாடை என மூன்றாகக் கிளை பிரிகிறது. 'நியூரான்' என்றால் கிரேக்கத்தில் நரம்பு, 'ஆல்கோஸ்' என்றால் வலி. ஆகவே 'முக்கிளை நரம்பு வலி' என்பதே சரியான தமிழ். 'முக நரம்பு வலி' என்று எழுத வேண்டாம். முக நரம்பு என்பது ஏழாவது நரம்பு, முகத் தசைகளை அசைப்பது. அது செயலிழந்தால் வருவது முகவாதம். இரண்டையும் குழப்பினால் நோயாளிதான் அலைய வேண்டியிருக்கும். ஏற்கெனவே பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

பரம்பரை நோயா? பெரும்பாலும் இல்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவது உண்டு, ஆனால் அரிது. அம்மாவுக்கு இருந்தது என்பதற்காக மகள் பயந்துகொண்டே இருக்கத் தேவையில்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் பெண்களுக்கும்தான் அதிகம் வருகிறது. வழக்கமான காரணம், மூளைத்தண்டை ஒட்டி நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவது. அதன் துடிப்பில் நரம்பின் மேலுறை தேய்ந்து, தொடு உணர்வே வலியாக மாறிவிடுகிறது. சிலருக்குக் கட்டியோ, மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயோ காரணமாக இருக்கும் என்பதால் எம்ஆர்ஐ அவசியம்.

முதலில் கார்பமாஸெபைன் மாத்திரை. பலருக்கு நன்றாகவே கேட்கும். கேட்காவிட்டாலோ, தலைசுற்றலும் தூக்கமும் தாங்க முடியாமல் போனாலோதான் அறுவை சிகிச்சை.

இதில் அமெரிக்க மருத்துவர்கள் இருவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் நரம்பையே வெட்டுவார்கள். வலி போகும், கூடவே முகம் மரத்துப்போகும். 1930களில் அப்படி வெட்டிக்கொண்டிருந்த வால்டர் டாண்டி, வேரில் ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருப்பதைப் பலரிடம் கவனித்தார். 1960களின் பிற்பகுதியில் பீட்டர் ஜானெட்டா நுண்ணோக்கியின் உதவியோடு, நரம்பை வெட்டாமல் ரத்தக்குழாயை மட்டும் விலக்கினார். இதற்கு மைக்ரோவாஸ்குலர் டீகம்ப்ரஷன் என்று பெயர். தமிழில் 'ரத்தக்குழாய் அழுத்த நீக்கம்' எனலாம். காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு திறப்பு போட்டு, நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். ஜானெட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 70 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நலமாக இருந்தார்கள். அந்தப் பக்கக் காது கேட்காமல் போவது, அரிதாகப் பக்கவாதம் போன்ற ஆபத்துகளும் உண்டு.

தலையைத் திறக்க உடல்நிலை இடம்தராத முதியவர்களுக்குக் காமா கதிர்ச் சிகிச்சையோ, கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சுடுவதோ, பலூனால் அழுத்துவதோ உண்டு. இவற்றில் முகம் கொஞ்சம் மரத்துப்போகலாம், சில வருடங்களில் வலி திரும்பவும் கூடும். திரும்பினால் மறுபடி செய்துகொள்ள முடியும்.