பேனா டேப்லெட்டில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கணினியில் பேனாவால் வரைய உதவும் பலகைதான் பேனா டேப்லெட். அதை வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது அழுத்த நிலைகளின் எண்ணிக்கை, அதாவது பேனாவை அழுத்தும் வலுவை அது எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்பது. 2,048, 8,192, 16,384 என்று பெட்டியின் மேல் அது ஏறிக்கொண்டே போகிறது. விலையும் கூடவே ஏறுவதால், எண் பெரிதானால் கோடும் நன்றாக வரும் என்று புதிதாக வரையத் தொடங்குபவர்கள் நம்பிவிடுகிறார்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஓவியருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவது இந்த எண்தான். ஏன் என்று தெரிய வேண்டுமானால் பேனாவுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

டேப்லெட்டின் மேற்பரப்புக்குக் கீழே, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் செம்புச் சுற்றுகள் வரிசையாகப் பதிந்த ஒரு மின்பலகை இருக்கிறது. விநாடிக்குச் சுமார் ஐந்து லட்சம் முறை அதிரும் மின்னோட்டத்தை அது ஒரு சுற்றில் மிகச் சிறிது நேரம் செலுத்துகிறது. பிறகு நிறுத்திவிட்டு, ஏதாவது திரும்பி வருகிறதா என்று கவனிக்கிறது. பேனாவின் முனையருகே ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் உள்ளன. இரண்டும் சேர்ந்து அதே அதிர்வெண்ணுக்குச் சுருதி கூட்டப்பட்டவை. தம்புராவில் ஒரு தந்தியை மீட்டும்போது அதே சுருதியில் உள்ள இன்னொரு தந்தி தானாக அதிர்வதுபோல, பேனா பலகையின் ஆற்றலை வாங்கி அதிர்ந்து, பலகை ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் திருப்பி அனுப்புகிறது. பேட்டரியே இல்லாமல் பேனா இயங்குவது இதனால்தான். மின்காந்த ஒத்ததிர்வு என்னும் இந்த முறையைப் பரவலாக்கியது ஜப்பானின் வாக்கம் நிறுவனம். அதன் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியான பின் ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் பேட்டரியில்லாப் பேனாவைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தன. பட்ஜெட் டேப்லெட்டுகள் இன்று நன்றாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பேனா இருக்கும் இடத்தைப் பலகை ஊகித்தே கணக்கிடுகிறது. சுற்றுகளுக்கு இடையே பல மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளில் வந்து சேரும் சமிக்ஞையின் வலிமையை ஒப்பிட்டு, நடுவில் எங்கே பேனா நிற்கிறது என்று பலகையிலுள்ள சிப் கண்டுபிடிக்கிறது. அங்குலத்துக்கு 5,080 கோடுகள், அதாவது 0.005 மி.மீ. நுணுக்கம் என்று விளம்பரங்கள் சொல்வது இந்தக் கணக்கின் வெளியீட்டைத்தான். கணக்கு சற்றே பிசகினால், சுற்றிலிருந்து சுற்றுக்குப் போகும் வழியில் கோடு மெல்ல நெளியும்.

அழுத்தம் வேறு வழியில் அளக்கப்படுகிறது. நிப் உள்ளே அமுங்கும்போது மின்தேக்கியின் கொள்ளளவோ, சுருளுக்குள் இருக்கும் ஃபெரைட் என்னும் காந்தப் பொருள் துண்டின் நிலையோ மாறுகிறது. பேனாவின் சுருதி கொஞ்சம் நகர்கிறது. அந்த நகர்வை எத்தனை துண்டாக வெட்டி எண்ணாக்குகிறார்கள் என்பதே அழுத்த நிலை. மெலிதாக வெட்டுவதால் அளவி நல்ல அளவியாகிவிடாது. சமிக்ஞையில் இரைச்சல் இருந்தால் கடைசி இலக்கங்கள் வெறும் நடுக்கத்தைத்தான் காட்டும்.

கையின் திறனையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். விரலால் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய 7 முதல் 10 சதவீத மாற்றம் இருந்தால்தான் மனிதனால் வேறுபாட்டை உணர முடியும். 1 கிராம் அழுத்தத்தில் தொடங்கி 400 கிராம் வரை இந்த வீதத்தில் படி ஏறினால், மொத்தம் 60 முதல் 90 படிகள்தான் வரும். பேனா எண்களைச் சீரான இடைவெளியில் வெட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 2,048 நிலைகளில் ஒரு படி சுமார் 0.2 கிராம், 8,192 நிலைகளில் 0.05 கிராம். மிக மெல்லிய தொடுகையில் மட்டும் முதலாவது கொஞ்சம் கரடாகலாம். 8,192-க்கு மேல் போவதால் கைக்கு எதுவும் கிடைப்பதில்லை. 20 பிக்சல் அகலப் பிரஷில் 8,192-இல் ஒரு படி என்பது 0.0024 பிக்சல். அதைத் திரை காட்டவே முடியாது.

கையில் உணரக்கூடியது, பேனா விழித்துக்கொள்ளும் முதல் அழுத்தம். நல்ல பேனா 1 கிராம் அளவிலேயே கோடு போடத் தொடங்கும். மட்டமான பேனாவுக்கு 10 கிராமோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். பென்சிலால் நிழல் போடுவதுபோல் மெதுவாகத் தேய்த்தால் கோடு விட்டுவிட்டு வரும். கை தன்னையறியாமல் அழுத்தப் பழகி, சில மணி நேரத்தில் கட்டைவிரல் அடியில் வலி வரும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். பேனாவின் வாலை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் எடை மட்டும் நிப்பில் இறங்கும்படி இழுங்கள். பேனாக்களின் எடை பெரும்பாலும் 10 முதல் 17 கிராம்தான். அந்த எடைக்கே கோடு விழாவிட்டால் அந்த டேப்லெட் வேண்டாம்.

அடுத்த சோதனை நெளிவுக்கு. கிரிட்டா வரைவதற்கான இலவச மென்பொருள். அதில் கோட்டின் நடுக்கத்தைத் தானாக நேராக்கும் ஸ்டெபிலைசரை அணைத்து, 3 பிக்சல் பிரஷ் எடுத்து, டேப்லெட்டின் மேல் பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, 10 செ.மீ. நீளத்தைப் பத்து விநாடியில் மெல்ல இழுங்கள். கோடு சீரான அலையாக வந்தால் குறை பலகையின் கணக்கில் இருக்கிறது. டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் எதுவும் அதைச் சரிசெய்யாது. ஸ்டெபிலைசர் மறைக்கும், ஆனால் கோட்டைத் தாமதப்படுத்தியே மறைக்கும். காமிக்ஸுக்கு மை போடுகிறவர்களுக்கு நெளிவு பெரிய குறை. எண்ணெய் வண்ணம்போல் அப்பித் தீட்டுகிறவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

விநாடிக்கு எத்தனை முறை பேனாவின் இடம் பதிவாகிறது என்பதும் பெட்டியில் இருக்கும். 133 முறை என்றால், கையை விநாடிக்கு 60 செ.மீ. வேகத்தில் வீசும்போது இரு பதிவுகளுக்கு இடையே 4.5 மி.மீ. விழும், 200 முறை என்றால் 3 மி.மீ. வேகமான வளைவுகளில் மட்டும் இந்த வித்தியாசம் தெரியும்.

பணத்தை உண்மையிலேயே கூட்டிக் கொடுக்க வேண்டியது பரப்பளவுக்கு. 152 மி.மீ. அகலமுள்ள சிறிய டேப்லெட்டை 1920 பிக்சல் அகலத் திரையோடு இணைத்தால் ஒரு மில்லிமீட்டர் 12.6 பிக்சலாக விரியும். கை அரை மில்லிமீட்டர் நடுங்கினால் திரையில் 6 பிக்சல் நடுக்கம். 216 மி.மீ. நடுத்தர அளவில் அதே நடுக்கம் 4.4 பிக்சலாகக் குறையும். முழங்கையிலிருந்து வீசி வரைபவருக்கு நடுத்தரம் அவசியம். மணிக்கட்டிலேயே வரைபவர் சிறியதில், கேன்வாஸைப் பெரிதாக்கிக்கொண்டு நன்றாகவே வரையலாம். எந்த அளவு வாங்கினாலும் டிரைவரில் விகிதம் காக்கும் அமைப்பை இயக்குங்கள். 16:10 டேப்லெட்டை 16:9 திரைக்கு அப்படியே நீட்டினால் வட்டம் 11 சதவீதம் நீள்வட்டமாகும். பயிற்சியில்லாத கைதான் காரணம் என்று பலர் தங்களையே நொந்துகொள்வது இந்த ஒரு அமைப்பை இயக்காததால்தான்.

திரை உள்ள டேப்லெட்டுகளில் பணத்தின் பெரும்பகுதி திரைக்கே போகிறது. 2022-இல் வந்த வாக்கம் சின்டிக் புரோ 27-இன் அமெரிக்க விலை வெளியானபோது ஏறக்குறைய 3,500 டாலர். 4கே திரை, 120 ஹெர்ட்ஸ், அடோபி ஆர்ஜிபி என்னும் வண்ண அளவுகோலில் 99 சதவீத வண்ணங்களைக் காட்டும் திறன் என்பவை அந்த விலைக்குள் அடக்கம். அச்சுக்கோ திரைப்படத்துக்கோ வண்ணம் பொறுப்பாகத் தர வேண்டியவர், நாளெல்லாம் அதிலேயே உழைப்பவர் என்றால் அது நியாயமான விலைதான். மற்றவர்கள் 16 அங்குல முழு எச்டி திரையில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும்: கண்ணாடியும் திரையும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிப்பும் கோடும் தள்ளித் தெரியும், சாய்த்து வைக்க ஸ்டாண்ட் வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து தாங்காது. முழு எச்டியை 22 அங்குலத்தில் வாங்க வேண்டாம். அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் வரும், வரையும் தூரத்தில் புள்ளிகள் தெரியும். நிப்பும் கோடும் பொருந்தும்படி அளவுத்திருத்தம் செய்யும்போது வழக்கமாக வரையும் நிலையில் உட்கார்ந்து செய்யுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்துச் செய்தால் கோடு பிறகு தள்ளியே விழும்.

கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வந்தால் டேப்லெட்டை மாற்றுவதற்கு முன் கணினியைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிவிநாடி எடுக்கும். பேனாவின் பதிவுக்கு 5 முதல் 7.5 மில்லிவிநாடி. கனமான பிரஷும் பெரிய கேன்வாஸும் இவற்றைவிடப் பல மடங்கு தாமதம் தரும். 8 ஜிபி நினைவகத்தோடு திணறுகிறவருக்கு, விலையுயர்ந்த டேப்லெட்டைவிட நினைவகத்தை 16 ஜிபி ஆக்குவதே பலன் தரும்.

அழுத்தமே வேலை செய்யாமல் போவது அடிக்கடி வரும் புகார். முன்பு வைத்திருந்த வேறு நிறுவன டேப்லெட்டின் டிரைவர் கணினிக்குள் தங்கியிருக்கும். அதை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, புதியதைப் போட வேண்டும். பிறகும் வரவில்லை என்றால் டிரைவர் ஒரு வழியிலும் மென்பொருள் இன்னொரு வழியிலும் பேசுகின்றன: விண்டோஸ் இங்க், வின்டேப் என்னும் இரண்டு வழிகளில் ஏதாவது ஒன்றையே டிரைவரிலும் மென்பொருளிலும் தேர்ந்தெடுங்கள். கோடு திடீரென்று சிலிர்த்துக்கொண்டு ஓடினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜரின் இரைச்சல். எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். காந்த மூடி உள்ள உறையின் மேலோ இரும்பு மேசையிலோ டேப்லெட்டை வைத்தாலும் ஓரங்களில் இடம் பிசகும்.

நிப்பின் ஒரு பக்கம் சரிந்து கூரான விளிம்பு தெரியும்போதே மாற்றிவிட வேண்டும். அந்த விளிம்பு மேற்பரப்பைக் கீறும். கீறல் விழுந்த பரப்பு அடுத்த நிப்பைச் சீக்கிரம் தேய்க்கும். வாங்கும்போதே பத்து நிப் சேர்த்து வாங்குங்கள், ஏனெனில் மாடல் நின்றுபோனால் அதற்குப் பொருந்தும் நிப்பும் சந்தையிலிருந்து மறைந்துவிடும்.