சூரியனைக் காணவில்லை

க்ளோத் மோனே 1872-இல் வரைந்த ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ ஓவியத்தைக் கைபேசியில் தேடி எடுங்கள். பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே பொழுது விடிகிறது. நீலம் கலந்த சாம்பல் வானம், தூரத்தில் புகையும் பாய்மரங்களும், முன்னால் கறுத்த ஒரு சிறு படகு. மேலே ஆரஞ்சு வட்டமாகச் சூரியன். படத்திலேயே வெளிச்சமான இடம் அதுதான் என்று அடித்துச் சொல்வீர்கள்.

இனி அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். படகு இருக்கிறது, நீர் இருக்கிறது, சூரியனை மட்டும் காணவில்லை. விடாமல் தேடினால் மங்கலான ஒரு தழும்பு தட்டுப்படலாம்.

நிறம் வேறு, வெளிச்சம் வேறு. மோனே சூரியனுக்கு வேறு நிறம் கொடுத்தாரே தவிர, சுற்றியுள்ள வானத்தைவிட அதிக வெளிச்சம் கொடுக்கவில்லை. இதில் என்ன நடக்கிறது என்பதை ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் விளக்கியிருக்கிறார். கண் அனுப்பும் செய்தியை மூளை இரண்டு பாதைகளில் பிரித்துப் படிக்கிறது. ஒரு பாதைக்கு நிறமே தெரியாது; ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு இடம், ஆழம், அசைவு ஆகியவற்றைக் கணிப்பது அதன் வேலை. மற்றது நிறத்தைப் பார்க்கும், இன்ன பொருள் என்று அடையாளம் காணும். மோனேயின் சூரியனைப் பார்த்து இரண்டாவது பாதை ‘இதோ’ என்கிறது. முதல் பாதை ‘எங்கே?’ என்று தடுமாறுகிறது. அந்த வட்டம் நிலைகொள்ளாமல் துடிப்பது போலத் தோன்றுவது இந்தப் பிணக்கினால்தான். ஆரஞ்சும் நீலமும் எதிர்நிறங்கள் என்பதால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவதும் சேர்ந்துகொள்கிறது.

ஓவியர்கள் அடிக்கடி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பதை நான் வெகுநாள் வெறும் பாவனை என்றே நினைத்திருந்தேன். அப்படியல்ல. இடுக்கினால் நுணுக்கங்கள் கலைந்து, இருளும் வெளிச்சமும் பெரிய திட்டுகளாக மட்டும் மிஞ்சும். இந்தப் படத்தை அப்படிப் பாருங்கள்: முன்படகு நல்ல கறுப்பு, அதற்குப் பின்னால் உள்ளது சற்று வெளிறியது, அதற்கும் பின்னால் இருப்பது பனியில் பாதி கரைந்துவிட்டது. தூரத்தைக் காட்ட அவருக்கு அந்த மூன்று அழுத்தங்களே போதுமாக இருந்தன. பிறகு கண்ணைத் திறந்து, நீரில் விழும் ஆரஞ்சுப் பிம்பத்தை நெருங்கிப் பாருங்கள். குட்டைக் குட்டையான தீற்றல்கள்தான். பின்வாங்கினால் நீர் அசைகிறது.

1874-இல் பாரிஸில் இதைப் பார்த்த லூயி லெரோவா என்ற விமர்சகர், சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று நையாண்டி செய்தார். படத்தின் தலைப்பிலுள்ள ‘இம்ப்ரெஷன்’ (மனப்பதிவு) என்ற சொல்லையும் அவர் விடவில்லை; ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயர் அந்தக் கேலியில் பிறந்து, ஓர் ஓவிய இயக்கத்துக்கே நிலைத்துவிட்டது.

இன்னொரு சோதனையும் செய்யலாம். படத்தைத் திருத்தும் செயலி ஏதாவது இருந்தால், சூரியனை மட்டும் நன்றாக வெளுக்க வைத்துப் பாருங்கள். இயற்கையில் இருப்பது போலத்தான் ஆகும், ஆனால் துடிப்பு நின்றுவிடும். நெற்றியில் ஒட்டிய பொட்டு மாதிரி அங்கேயே கிடக்கும்.