மாடு குடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி ஆறணும்

ஆஸ்திரேலியால பேர்ட்ஸ்வில்னு ஒரு ஊர், குயின்ஸ்லாந்து மாநிலத்தோட தென்மேற்கு மூலைல, சிம்ப்சன் பாலைவனத்து ஓரமா இருக்கு. ஊர்ல மொத்தமே நூத்தி சொச்சம் பேரு தான். அது இருக்குற டயமண்டினா ஷயரோட (ஷயர்னா உள்ளாட்சி பகுதி) பரப்பு சுமார் 95,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல முக்கால்வாசி வரும், ஆனா அங்க குடியிருக்குற அத்தனை பேரையும் ஒரே கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சு ஒரே பந்தில சாப்பாடு போட்டு அனுப்பிடலாம்.

மாடு மட்டும் ஏகப்பட்டது. வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை கூட சரியா பெய்யாத இடம், வெயில் காலத்துல ஒரு மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல குடிக்கும், அப்போ தண்ணி எங்க இருந்து வருதுன்னா பூமிக்கு அடில இருந்து, அதுவும் கொதிக்க கொதிக்க. பேர்ட்ஸ்வில் போர்ல 1,200 மீட்டருக்கும் கீழ இருந்து வர்ற தண்ணியோட சூடு சுமார் 98 டிகிரி! அந்த சூட்டுலயே கரண்ட் எடுக்குற ஒரு சின்ன பிளான்ட் 2018 வரைக்கும் ஓடிட்டு இருந்துச்சு. (போர்னு நாம சொல்ற அதே வார்த்தை தான் அங்கயும்.)

இதுல வேடிக்கை என்னன்னா இந்த மாதிரி போர் நிறைய இடத்துல மோட்டாரே இல்லாம தண்ணி தானா பொங்கி வரும். எப்படின்னு பார்ப்போம். கிழக்க கிரேட் டிவைடிங் மலைத்தொடர் இருக்கு, அதோட மேற்கு சரிவுல பெய்யுற மழைல ஒரு பங்கு அங்க வெளில தெரியுற மணற்பாறைக்குள்ள இறங்குது. அந்த பாறை அப்படியே மேற்க சாய்ஞ்சு பூமிக்குள்ள போகுது, மேலயும் கீழயும் தண்ணி புகாத களிப்பாறை, நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணிக்கு வெளிய வர வழி ரொம்ப கம்மி. மலைப்பக்கம் உயரத்துல நிக்கிற தண்ணியோட எடை பின்னாடி இருந்து அழுத்திட்டே இருக்கு, மொட்டைமாடி டேங்க் கீழ் வீட்டு குழாய அழுத்துற மாதிரி. அந்த மேல் மூடில ஒரு ஓட்டை போட்டா போதும், பீய்ச்சி அடிக்கும். இதுக்கு பேர் தான் ஆர்ட்டீசியன் ஊற்று, நெய்வேலில நிலக்கரிக்கு அடில இருக்குறதும் இதே சமாச்சாரம், அங்க அந்த அழுத்தத்த குறைக்க தண்ணிய எடுத்துட்டே இருந்தா தான் சுரங்கமே ஓடும்.

கிரேட் ஆர்ட்டீசியன் பேசின்னு சொல்ற இந்த நிலத்தடி படுகை சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், அந்த நாட்டுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. உள்ள தண்ணி வருஷத்துக்கு 1ல இருந்து 5 மீட்டர் தான் நகரும், கணக்கு போட்டு பாருங்க, 1,000 கிலோமீட்டர் தாண்ட லட்சக்கணக்கான வருஷம் ஆகும். இன்னைக்கு ஒரு மாடு குடிக்கிற தண்ணி, மனுஷன் அந்த மண்ணுல கால் வைக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி பெஞ்ச மழையா இருக்கலாம்.

முதல் ஆர்ட்டீசியன் போர் 1878ல, நியூ சவுத் வேல்ஸ்ல பர்க் ஊருக்கு பக்கத்துல. அப்புறம் ஆளாளுக்கு போட ஆரம்பிச்சாங்க, வந்த தண்ணிய வெட்டவெளி வாய்க்கால்ல கிலோமீட்டர் கணக்குல ஓட விட்டாங்க. அந்த வெயில்ல என்ன மிஞ்சும், 90 சதவீதத்துக்கு மேல ஆவியாவும் மண்ணுக்குள்ளயும் போச்சு. அழுத்தம் இறங்குச்சு, பல போர் பொங்குறத நிறுத்திடுச்சு, இயற்கையா இருந்த ஊற்றுங்க சிலதும் செத்துச்சு. எனக்கு கேட்டா அது முட்டாள்தனம் தான், ஆனா கைய வைக்காமலே கொட்டுற தண்ணிய பார்த்து யாரு தான் சிக்கனம் பிடிப்பா?

ஆஸ்திரேலியால மாட்டுப் பண்ணைய ஸ்டேஷன்னு சொல்வாங்க, போலீஸ் ஸ்டேஷன்னு நினைச்சுடாதீங்க. தெற்கு ஆஸ்திரேலியால அன்னா கிரீக் ஸ்டேஷன் மட்டும் 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. ஆனா அந்த நம்பர நம்பி ஏமாறாதீங்க, மாடு தண்ணித் தொட்டில இருந்து சில கிலோமீட்டர் தான் போய் மேயும், திரும்பி வந்தாகணும்ல, அதனால தொட்டிய சுத்தி வட்டமா புல் மொட்டையாகி, தள்ளிப்போக போக பச்சை கூடும். 1969ல லாங்கேங்கிற ஆய்வாளர் இந்த வட்டத்துக்கு பயோஸ்பியர்னு (piosphere) பேர் வெச்சாரு, உயிர்க்கோளம்னு நாம படிச்சது வேற, இது குடிக்கிறதுக்கான கிரேக்க வார்த்தைல இருந்து வந்தது. மாட்ட பிடிக்கவும் தண்ணி தான் பொறி. தொட்டிய சுத்தி வேலி போட்டு, உள்ள போக முடியும் வெளிய வர முடியாதுங்கற மாதிரி ஒரு கேட் வெச்சுட்டா தாகத்துக்கு வர்ற மாடு தானா மாட்டிக்கும்.

1999ல இருந்து அரசாங்கமும் பண்ணைக்காரங்களும் சேர்ந்து காசு போட்டு நூத்துக்கணக்கான போர மூடி வால்வு வெச்சு, வாய்க்காலுக்கு பதிலா பிளாஸ்டிக் பைப் போட்டாங்க. இங்க தான் அந்த சூடு மறுபடி வம்பு பண்ணுது, கொதிக்கிற தண்ணிய நேரா விட்டா பைப் இளகிடும், அதனால முதல்ல ஆற வெச்சு தான் பைப்புக்குள்ள விடணும். பல இடத்துல அழுத்தம் திரும்ப ஏறிட்டு வருது. ஆனா பைப் இருந்தா தொட்டிய எங்க வேணா வெச்சுக்கலாம்ல, தண்ணிக்கு ரொம்ப தூரமா இருந்த ஒரே காரணத்தால மாட்டு வாய்க்கு தப்பிச்ச செடிங்க பக்கத்துலயும் இப்போ தொட்டி வருது.