ஹேட்ரியனின் தங்கக் காசும் அச்சில் விழுந்த விரிசலும்

ரோமப் பேரரசர் ஹேட்ரியன் மாகாணங்களுக்குப் போய்வந்ததைக் கொண்டாடும் தங்க நாணயங்களில் ஆண்டே இல்லையே, எது முந்தியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

ஹேட்ரியன் ஆண்டது 117 முதல் 138 வரை. அதில் ஏறத்தாழப் பாதி ஊர்சுற்றலிலேயே போனது. அந்த நினைவாக ரோமில் அடித்த காசுகளில் ஒன்று ‘ஆரியஸ்’ என்னும் தங்கக் காசு, ஏழு கிராம் சொச்சம் எடை. ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் மாகாணம் ஒரு பெண்ணாக இருக்கும்: காலடியில் முயலோடு ஹிஸ்பானியா (இன்றைய ஸ்பெயின் பகுதி), யானைத் தலைத்தோல் அணிந்த ஆப்பிரிக்கா. எழுத்தைப் படித்தால் ‘மூன்று முறை கான்சல்’ என்றிருக்கும்; கான்சல் என்பது ரோமின் உயர் பதவி. 119க்குப் பிறகு அவர் அந்தப் பதவியை ஏற்கவே இல்லை. ஆகவே அது உதவாது. 128இல் பெற்ற ‘நாட்டின் தந்தை’ பட்டமும் இருப்பதால், அதற்குப் பிந்தியது என்று மட்டும் தெரியும்.

சரி, இனி காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சைப் பார்ப்போம். அரசர் முகம் கொண்ட அச்சு கீழே, பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். மாகாணம் உள்ள அச்சைக் கையில் பிடித்து, இடையில் தங்க வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடி நேராக விழுவது மேல் அச்சில். பெரும்பாலும் அதுதான் முதலில் உடையும். முக அச்சு தாங்கி நிற்கும், அடுத்த மேல் அச்சோடு சேரும். முக அச்சு தேய்ந்துபோனால், அப்போது பிழைத்திருக்கும் மேல் அச்சு புது முகத்தோடு சேரும். இப்படி ஒரு சங்கிலி உருவாகிறது. ஒவ்வோர் அச்சும் கையால் வெட்டியது, ஒன்றுபோல் மற்றொன்று இராது. எந்த அச்சு என்பதை ஒரு சுருள்முடியின் வளைவே காட்டிக்கொடுத்துவிடும்.

சங்கிலி கிடைத்தாலும் எது தலை, எது வால்? இங்கேதான் விரிசல் வருகிறது. அச்சில் பிளவு விழுந்தால் தங்கம் அதற்குள் புகுந்து, காசில் மேடான கோடாக நிற்கும். விரிசல் வளருமே தவிரச் சுருங்காது. ஒரே முகம் எகிப்துக் காசில் கோடில்லாமலும் ஹிஸ்பானியாக் காசில் கோட்டோடும் இருந்தால், எகிப்துதான் முந்தியது! ஒரு தொழிலாளியின் அடி எந்தப் பக்கம் ஓங்கியது என்பதுகூட 1,900 ஆண்டு கழித்துத் தெரிகிறது.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். தெளிவான படங்களும் பொறுமையும் போதும். அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படமெடுத்து எல்லோருக்கும் திறந்து வைக்கப் பணம் ஒதுக்க வேண்டும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த, ஹேட்ரியனுக்கு முந்திய ரோமத் தங்கக் காசுகளுக்கும் இது பொருந்தும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சங்கிலி சொல்வது காசு அடிக்கும் அக்கசாலையில் நடந்த வேலையின் வரிசையை. பயணத்தின் வரிசையை அல்ல. எகிப்துக்கு அவர் போனது 130இல், ஆப்பிரிக்காவுக்கு அதற்கு முன்பே, 128இல். அந்த ஆப்பிரிக்கப் பயணத்தின் தேதி, இன்றைய அல்ஜீரியாவின் லம்பேசிஸில், படைவீரர்களிடம் அவர் பேசிய பேச்சோடு கல்லில் வெட்டிக் கிடக்கிறது.