ஷோனா சிற்பத்தில் இருக்கும் துரு நிறம் அழுக்கு இல்லை

கற்சிற்பங்களைச் சீர்செய்வது என் தொழில். ஜிம்பாப்வேயில் வாங்கிவந்த ஷோனா சிற்பம் (அந்நாட்டு ஷோனா மக்களின் பெயரால் அழைக்கப்படும் கற்சிற்பம்) இன்னொன்று பாழாகி வந்திருக்கிறது. ஸ்பிரிங்ஸ்டோன் என்ற கல்லில் செதுக்கிய பெண் தலை. முகம் கருகருவென்று பளபளப்பு, கூந்தல் மட்டும் சொரசொரவென்று துரு நிறம். கூந்தலில் மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து யாரோ பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கம்பி நாரால் தேய்த்திருக்கிறார்கள். முகமெல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டது.

எத்தனை முறை சொல்வது, அது மண் இல்லை! ஸ்பிரிங்ஸ்டோன் இரும்பு கலந்த செர்பென்டைன் கல். வெயிலிலும் மழையிலும் கிடந்து அதன் மேற்புறம் செம்பழுப்பாகத் தோல் கட்டிவிடும். அதைச் செதுக்கி எடுக்கச் சிற்பிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். கூந்தல், ஆடை, சில சமயம் ஒரு பக்கம் முழுவதையும் அப்படியே விடுவார்கள். உளித்தடத்தோடு வெளிறிக் கிடக்கும் இடங்களும் அப்படித்தான், வேலை பாதியில் நின்றுவிட்டது என்று நீங்களாக பாலிஷ் போடாதீர்கள். தேய்த்து எடுத்த தோலை என்னால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அந்தக் கறுப்பும் பெயிண்ட் இல்லை. வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து முடித்ததும் கல் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அப்புறம் நெருப்பில் சூடாக்கி மெழுகு தடவுவார்கள், அப்போதுதான் நிறம் எழும்பும். சோப்பும் ஆசிடும் முதலில் கெடுப்பது அந்த மெழுகைத்தான்.

"ரொம்பப் பழங்காலத்துப் பொருள் சார், எதையும் தாங்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். மகா ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரத்தின் மாவுக்கல் பறவைகள் பல நூற்றாண்டு பழையவை, சரி. உங்கள் வீட்டில் இருப்பது அந்தக் காலத்தது இல்லை. 1957-ல் ஹராரேயில் (அன்று சாலிஸ்பரி) தேசியக் கலைக்கூடம் திறந்தபின் அதன் இயக்குநர் ஃபிராங்க் மெக்யூவன் தந்த ஊக்கத்தாலும், 1966-ல் டாம் புளோம்ஃபீல்ட் தன் புகையிலைப் பண்ணையில் தொடங்கிய தெங்கெனெங்கே சிற்பிகள் குடியிருப்பாலும் வளர்ந்த நவீனக் கலை அது. பெர்னார்ட் மட்டெமேரா போன்றவர்கள் அங்கே செதுக்கியவர்கள்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டுங்கள். மங்கினால் ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, பளபளப்பான இடத்தில் மட்டும் நிறமில்லாத மெழுகைத் துளி தடவி, ஆறியதும் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கேறித் தூசியை இழுக்கும். தூக்கும்போது கழுத்தையோ கையையோ பிடிக்காமல் அடியில் பிடியுங்கள்.

உடைந்தால் நீங்களே கிரைண்டர் போட்டு ராவ வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நுரையீரலைக் கெடுக்கும் கிரைசோடைல் ஆஸ்பெஸ்டாஸ் நார் உருவாவது செர்பென்டைன் பாறையில்தான், ஜிம்பாப்வேயின் ஸ்விஷாவனேயில் சுரங்கம் வைத்தே எடுத்தார்கள். எல்லாக் கல்லிலும் இருக்காது, ஆனால் எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மூக்கில் கட்டும் கைக்குட்டை அந்தத் தூசியைத் தடுக்கவும் தடுக்காது. சூப்பர் குளூவும் போடாதீர்கள், வழிந்து காய்ந்த பசையைச் சுரண்டவே எனக்கு நேரம் போய்விடுகிறது. சின்னச் சில்லுகளைக்கூட விடாமல் பொறுக்கி ஒரு கவரில் போட்டுச் சிற்பத்தோடு கொண்டுவாருங்கள்.