ஸ்மார்ட் போர்டு குழந்தையின் கைக்கு எட்டுகிறதா?

மே மாதம் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "ஸ்மார்ட் போர்டு இருக்கா மிஸ்?" கடலூரில் எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவளாகச் சொல்கிறேன், கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: விரலால் தொட்டு எழுதுகிற அந்தப் பெரிய திரையை யார் தொடுகிறார்கள்?

பல பள்ளிகளில் போர்டை ஆசிரியர் உயரத்துக்கு மாட்டிவிடுகிறார்கள். நான்கு வயதுக் குழந்தை ஏறக்குறைய மூன்றேகால் அடி. கையை உயர்த்தினாலும் நான்கு அடிக்குக் கொஞ்சம் மேலேதான் எட்டும். நாற்காலி மேல் ஏற்றுவது ஆபத்து. கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்குள் இருக்கட்டும். அதற்கு வழியில்லையா, படங்களைத் திரையின் கீழ்ப்பாதியில் மட்டும் வையுங்கள்.

ஆசிரியர்களே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நிறைய போர்டுகள் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்கின்றன. சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். எது மறித்தாலும் அங்கே தொட்டதாகப் போர்டு எடுத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளோ எழுதும்போது இன்னொரு கையை ஊன்றிக்கொள்வார்கள், சட்டைக் கை உரசும். 'அ' போட வந்த கோடு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். உடனே மற்ற பிள்ளைகள் "தப்பு, தப்பு" என்று கத்துவார்கள். அந்த முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியாது. "நீ சரியாத்தான் போட்டே கண்ணு, போர்டுக்குத்தான் புரியலை" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தில் தூசி படிந்தாலும் இதே கோளாறு வரும். உலர்ந்த துணியால் அடிக்கடி துடையுங்கள்.

நின்றபடி கையை வீசிப் பெரிதாக வரைவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. ஆனால் கண்ணாடியில் விரல் வழுக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது கைக்குப் பழகாது. எழுத்தை முதலில் மணலில், அப்புறம் சாக்பீஸில் எழுதட்டும்.

போர்டோடு வரும் படங்களில் ஆப்பிளும் பனிமனிதனும்தான் அதிகம். கடலூர் முதுநகர் துறைமுகத்துச் சங்கராவையும் மத்தியையும், பண்ருட்டிப் பலாவையும் போனில் எடுத்துப் போடுங்கள். திரையில் இனம் பிரித்த கையோடு பாயில் உட்கார வைத்து, நிஜக் கிளிஞ்சலையும் பலாக்கொட்டையையும் பிரிக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து, பேச்சு வருவது பாயில்தான்.

மூன்று, நான்கு வயதில் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. வீட்டு டிவி, போன் எல்லாம் இதில் அடக்கம். பள்ளியில் பத்து நிமிடம் போதும். ஒரே மிஸ் முப்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ரைம்ஸ் வீடியோவை அரை மணி நேரம் ஓடவிட்டால் அது வெறும் டிவிதான்.

நான்கு பேரை மட்டும் போர்டுக்குக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குச் சிலேட்டோ களிமண்ணோ கொடுங்கள். முந்தி வருகிற பிள்ளைகளே தினமும் தொடுவார்கள், ஒதுங்கி நிற்பவர்கள் விடுபட்டுப் போவார்கள். யார் தொட்டார்கள் என்று நோட்டில் குறித்து வைத்து, விட்டுப்போனவர்களை மறுநாள் முதலில் கூப்பிடுங்கள்.