இகுவானா: தமிழில் என்ன சொல்வது?

உயிரியல் பூங்காவில், அமெரிக்கக் கண்டங்களின் பெரிய பல்லியினமான இகுவானாவின் கூண்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும், "அங்க பாரு, உடும்பு!" என்று ஒரு குரல் கேட்டுவிடும். சில மொழிபெயர்ப்புகளிலும் அப்படியே வருகிறது. தவறு.

சொல் பிறந்த இடம் கரீபியன் தீவுகள். அங்கிருந்த தைனோ மக்கள் 'இவானா' என்றதை ஸ்பானியர்கள் 'இகுவானா' ஆக்கினார்கள். இன்று பச்சை இகுவானாவின் அறிவியல் பெயரே 'இகுவானா இகுவானா'தான். குழப்பத்தில் நாம் தனியாக இல்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அங்கத்திய உடும்புகளை இகுவானா என்று கூப்பிட்டு, அது தேய்ந்து 'கோவானா' என்று நிலைத்துவிட்டது!

உடும்புக்குப் பாம்பைப் போல நாக்கு பிளந்திருக்கும். எலி, முட்டை, பூச்சி என்று தின்னும். பச்சை இகுவானா இலை தின்னி. மெக்சிகோ முதல் பிரேசில் வரை, ஆற்றோர மரங்களின் உயர்ந்த கிளைகளில் வெயில் காய்ந்து கிடக்கும். ஆபத்து என்றால் அங்கிருந்தே தொப்பென்று தண்ணீரில் விழுந்து நீந்திப் போய்விடும். முட்டையிட மட்டும் பெண் தரைக்கு வந்து குழி தோண்டும். வாலோடு அளந்தால் ஒன்றரை மீட்டர் தாண்டும், அதில் பாதிக்கு மேல் வால்தான். தாடைக்குக் கீழே தொங்குதசை, செவிக்குக் கீழே நாணயம் பதித்தாற்போல் ஒரு வட்டச் செதில், கழுத்திலிருந்து முதுகு நெடுக முள்வரிசை. குளிர் இதற்கு ஆகாது. 2020 ஜனவரியில் புளோரிடாவில் குளிர் இறங்கியபோது, மரத்திலிருந்து இகுவானாக்கள் விழக்கூடும் என்று வானிலை மையமே எச்சரித்தது.

அந்த முள்வரிசைதான் தமிழ்ச் சொல்லுக்கு வழி காட்டுகிறது. நம் ஓணானுக்கும் அது உண்டு. ஓணானுக்கு 'ஓந்தி' என்றும் பெயர். அதை 'ஓதி' என்று சொல்லும் குறுந்தொகை 140ஆம் பாட்டு, 'வேதின வெரிநின் ஓதி முதுபோத்து' என்கிறது. வேதினம் கருக்கரிவாள், வெரிந் முதுகு. அரிவாள் பல் போன்ற முதுகுள்ள கிழட்டு ஆண் ஓந்தி! வகைப்பாட்டிலும் ஓணான், பச்சோந்தி, இகுவானா மூன்றும் ஒரே பெருங்கூட்டம். உடும்பு அதற்கு வெளியே.

ஆகவே 'பேரோந்தி' என்ற சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது: பெருமை + ஓந்தி. பச்சை இகுவானாவைப் பச்சைப் பேரோந்தி எனலாம். நீளமாக இருக்கிறதே என்று சுருக்கினால் பச்சோந்தி ஆகிவிடும், அது வேறு பிராணி.